சரிபார்ப்பில் வழக்கு என்று வந்தால் ஆளை நிராகரிக்கலாமா?

டிரைவர் வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர் மேல் வழக்கு இருப்பதாகப் போலீஸ் சரிபார்ப்பில் வந்திருக்கிறது, வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? எஃப்.ஐ.ஆர். போட்டாலே குற்றவாளி ஆகிவிடுவதில்லை. குற்றப்பத்திரிகை, விசாரணை எல்லாம் தாண்டித்தான் தண்டனை. பெயர் ஒத்துப்போய் வேறொருவர் வழக்கு இவர் தலையில் விழுவதும் உண்டு (நம் ஊரில் எத்தனை முருகன் மகன் குமார்!). அறிக்கையை அவரிடமே காட்டி விளக்கம் கேளுங்கள்.

குடித்துவிட்டு வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர் என்றால் இந்த வேலைக்கு ஆகாது. பழைய மறியல் வழக்கென்றால் நான் கண்டுகொள்ள மாட்டேன். அரசு வேலை பற்றிய அவதார் சிங் வழக்கில் 2016-ல் உச்ச நீதிமன்றமும், இளவயதில் கோஷம் போட்டது போன்ற சில்லறை விஷயத்தை மறைத்திருந்தால்கூட மன்னித்துவிடலாம் என்றது. பெரிய குற்றத்தை மறைத்திருந்தால் கதையே வேறு.