டோர்பர்னைட் என்பது என்ன? மணவாளக்குறிச்சி மணலிலுள்ள மோனசைட்டும் அதுவும் ஒரே வகையா?

டோர்பர்னைட் என்பது செம்பும் யுரேனியமும் பாஸ்பேட்டும் நீரும் சேர்ந்து, பச்சை நிறச் சதுரத் தகடுகளாகப் படியும் ஓர் அரிய கனிமமாகும். ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் டோர்பர்ன் பெர்க்மனின் பெயரை அது தாங்கியுள்ளது.

கனிமங்களை நிறத்தைக் கொண்டு வகைப்படுத்துவதில்லை. மட்டியும் செந்துளுவனும் ஏத்தனும் தோலின் நிறத்தில் வேறுபட்டாலும் வாழையே ஆவதுபோல, பாஸ்பேட் தொகுதி அடிப்படையாக அமைந்த கனிமங்கள் அனைத்தும் ஒரே வகுப்பில் அடங்கும். ஆகவே தோரியமும் சீரியமும் கொண்ட நம் கடற்கரை மோனசைட்டும் அதே வகுப்பைச் சேர்ந்ததுதான். ஆனால் உறவு அவ்வளவோடு சரி: மோனசைட்டின் படிக அமைப்பில் நீர் இல்லை, டோர்பர்னைட்டிலோ அடுக்குகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் தங்கியிருக்கின்றன.

அந்த நீரே அதன் பலவீனமும் ஆகும். கடினத்தன்மை அளவுகோலில் 2 முதல் 2.5 வரை மட்டுமே உள்ள இது, அடுக்கடுக்காக எளிதில் பிளவுபடும். காற்றில் வெறுமனே வைத்திருந்தாலும் 12 நீர் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 4-ஐ மெல்ல இழந்து, மெட்டாடோர்பர்னைட் என்னும் வேறு கனிமமாகிவிடும். குளச்சல் கரையில் உலரும் மீன், நீரிழந்ததும் கருவாடு என்று வேறு பெயர் பெறுவதைப் போன்றது இது. கருவாடு மீண்டும் மீனாவதில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

இதன் பச்சை நிறத்தைக் கதிரியக்கத்தின் ஒளி என்று பலர் எண்ணுகின்றனர். யுரேனியம் இருப்பதால் கதிரியக்கம் உண்மையே, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது, பச்சையைத் தருவது செம்பு.