நார்க்கழிவு ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும், சம்பளம் யார் தருவது? – கேள்வி பதில்

பாலக்காட்டின் தமிழக எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பதினான்கு வருடமாகத் தென்னைக் கழிவில் (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்தான் நார்க்கழிவு) வேலை செய்கிறேன், திட்டப் பணத்தில் ஆள் எடுத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

சித்தூர் கல்லூரி ஆசிரியர்: மேடம், மூன்று வருடத் திட்டத்தில் ஒரு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர்) போட எவ்வளவு கேட்க வேண்டும்?

2023 ஜனவரி 1 முதல் மத்திய அரசுத் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப்.க்கு மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் முடிந்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சியாளர்) ஆனால் 42,000. முதல் 24 மாதத்துக்கு 8,88,000, கடைசி 12 மாதத்துக்கு 5,04,000. ஆக 13,92,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி இதற்கு மேல். அது ஊரின் வகுப்பைப் பொறுத்தது. மூன்றாம் வருடத்தையும் 37,000 என்றே போட்டு அனுப்பிய விண்ணப்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசி வருடத்தில் ரசாயனத்துக்கு வைத்த பணத்தைச் சம்பளத் தலைப்புக்கு மாற்ற அனுமதி கேட்டு அலைவார்கள்.

இன்னொன்று, நிதியாண்டு முடியும் மார்ச் 31. பணம் வருடாவருடம் தவணையாகத்தான் வரும். முதல் வருடப் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவுக் கணக்கும் போனால்தான் அடுத்த தவணை. எங்கள் கணக்குப் பிரிவில் அந்தத் தாள் ஒரு மேசையிலேயே கிடந்ததால், என்னிடம் வேலை பார்த்த பெண் ஏழு மாதம் சம்பளமில்லாமல் இருந்தாள். அவள் வண்டித்தாவளத்திலிருந்து பஸ்ஸில் வந்து போனவள். கடைசியில் பஸ் காசுக்குக்கூடத் தயங்கினாள். ஏப்ரல் முதல் வாரத்திலேயே அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நீங்களே போய் நில்லுங்கள்.

எம்.எஸ்சி. முடித்த மாணவி: அக்கா, நெட் இல்லாமல் ஜே.ஆர்.எஃப். கிடைக்குமா?

தேசியத் தேர்வு எதுவும் இல்லாமல் கிடைக்காது. நெட், கேட் போன்ற ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் திட்ட உதவியாளர் பணிகளைப் பாருங்கள். சம்பளம் குறைவு, ஆனால் கை பழகும்.

கோவிந்தாபுரம் வாசகர்: எஸ்.இ.ஆர்.பி.க்கு (அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) எப்போது விண்ணப்பிக்கலாம்?

எஸ்.இ.ஆர்.பி. இப்போது தனியாக இல்லை. 2023 சட்டத்தின்படி வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. அதன் தளத்தைப் பாருங்கள்.

முதலமடை வாசகர்: எங்கள் ஊர் மாங்கொட்டையிலிருந்து கொழுப்பு எடுக்கும் ஆராய்ச்சிக்கு ஆள் போடலாமா?

ஆராய்ச்சி நல்லது, ஊர் சரியில்லை. முதலமடை மாங்காய் சீசனுக்கு முன்பே பெட்டியில் ஏறி வடக்கே போய்விடுகிறது. கொட்டை டெல்லியில் யார் வீட்டுக் குப்பையிலோ கிடக்கும். மாங்கொட்டை குவியலாக வேண்டுமென்றால் கூழ் ஆலை இருக்கும் இடத்துக்குப் போங்கள்: கிருஷ்ணகிரி, ஆந்திராவின் சித்தூர் (நம் சித்தூர் இல்லை). அங்குள்ள நிறுவனத்தோடு சேர்ந்து எழுதுங்கள்.

ஆராய்ச்சி மாணவர், பாலக்காடு: நார்க்கழிவிலிருந்து லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) எடுக்கும் திட்டம் எழுதுகிறேன். மூலப்பொருள் இலவசம் என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள் வேலந்தாவளத்து மஞ்சி மில்காரர் (தேங்காய் நார் ஆலைக்காரர்) ஒருவர் எழுதிவிட்டார்: "தம்பி, எங்க மில்லுக்கு வந்து இலவசமா ஒரு லோடு ஏத்திட்டுப் போங்க பார்ப்போம்." மாணவர் விடவில்லை. ரோட்டோரம் மலை மலையாகக் கொட்டிக் கிடந்ததைச் சின்ன வயதில் தானே பார்த்ததாகச் சொன்னார். பிறகு ஏழெட்டுப் பேர் இரண்டு பக்கமும் சேர்ந்துகொண்டார்கள்.

மில்காரர் சொல்வதுதான் சரி. மட்டையை அடித்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நார், மீதி இந்தத் தூள். அன்று வாங்க ஆளில்லை. இன்று அதைக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி, மண்ணில்லா விவசாயத்துக்கு வெளிநாடு அனுப்புகிறார்கள். விலை இருக்கிறது, அதுவும் ஏறி இறங்குகிறது. மலையாளத்தில் இதற்குச் சகிரிச்சோறு என்று பெயர். கழிவு என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இலவசம் என்று எழுதிய திட்டத்தைத் தொழில் தெரிந்த ஒருவர் மதிப்பிட்டால் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்.

அடுத்தது ஈரம். தூள் கிடக்கும் குழியிலிருந்து ஒரு கை அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் டீ டிகாஷன் மாதிரி தண்ணீர் வழியும், கை சாயங்காலம் வரை கறையாக இருக்கும். 80 சதவீதம் ஈரமென்றால் ஒரு டன்னில் காய்ந்த சரக்கு 200 கிலோதான். அதில் லிக்னின் 30 சதவீதம் என்று வைத்தாலும் 60 கிலோ. எல்லாமும் கைக்கு வராது. பாதி வந்தால் 30 கிலோ. அந்த 30 கிலோவுக்காக எவ்வளவு காரம் (காஸ்டிக் சோடா மாதிரி), எவ்வளவு விறகு, எவ்வளவு தண்ணீர்? இந்தக் கணக்கு திட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். நீங்கள் எடுக்கப்போகிற ஆளுக்கு மூன்று வருட வேலை இருக்கிறதா, ஆறு மாதத்தில் கதவு மூடிவிடுமா என்பது அதில் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால், கழுவிய தண்ணீரைப் பற்றி எழுதுங்கள். உப்பும் டானினும் (துவர்ப்புச் சாயம்) கலந்த அந்தச் சிவப்புத் தண்ணீர் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிணற்றில் இறங்குகிறது. அதிலுள்ள பொட்டாசியத்தை உரமாக மீட்க முடிந்தால் மில்லுக்கும் நல்லது, பக்கத்துத் தோட்டத்துக்கும் நல்லது.

இன்னொரு மாணவர்: நார்க்கழிவை மட்கவைக்கும் ஆய்வு?

கோவை வேளாண் பல்கலைக்கழகம் எப்போதோ செய்துவிட்டது. சிப்பிக்காளான் வித்து, டன்னுக்கு 5 கிலோ யூரியா, மட்கியதைக் காட்டும் கார்பன் நைட்ரஜன் விகிதம் 112:1-லிருந்து 24:1-க்கு இறங்கும். காயர் வாரியத்தின் பித்பிளஸ் என்ற மட்கவைக்கும் கலவையும் காளான் வழிதான். புதிதாக என்ன என்று சொல்ல முடியாவிட்டால் வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: நெட் இல்லாதவர்களுக்கு ஜே.ஆர்.எஃப்.?

மேலே சொல்லிவிட்டேன்.

கோபாலபுரம் வாசகர்: பைராக்கின் (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் தொழில் உதவி நிறுவனம்) 50 லட்சத்தில் ஆராய்ச்சி மாணவர் எடுக்கலாமா?

பிக் என்ற அந்த உதவி, கண்டுபிடிப்பைப் பொருளாக்கித் தொழில் தொடங்குபவர்களுக்கு. 18 மாதம்தான். பிஎச்.டி. மாணவரை அதில் உட்கார வைத்தால் பாதியில் தெருவில் நிற்பார்.

மீனாட்சிபுரம் வாசகர்: நாங்கள் தமிழர்கள், இருப்பது கேரளாவில். எந்த மாநில நிதி?

மாநிலத் திட்டங்களில் உங்கள் நிறுவனம் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. பாலக்காட்டுக் கல்லூரியென்றால் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அறிவியல் தொழில்நுட்பச் சுற்றுச்சூழல் கவுன்சில். அதே ஊரில் பாப்பனங்கோட்டிலுள்ள மத்திய அரசு ஆய்வகமான என்.ஐ.ஐ.எஸ்.டி.யைக் கூட்டாளியாகச் சேர்க்கப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பயோஇ3 என்ற உயிரி உற்பத்திக் கொள்கைக்கு ஒப்புதல் தந்தபிறகு, உயிரித் தொழில்நுட்பத் துறை அறிவிப்புகளிலும் இந்த மாதிரி வேலைக்கு இடமிருக்கிறது. எங்கே வாங்கினாலும் மார்ச் 31 மறக்காதீர்கள்.

அதே மஞ்சி மில்காரர்: அரசாங்கம் தருவது இருக்கட்டும். எங்களால் ஒரு ஆளுக்குச் சம்பளம் போட முடியுமா?

முடியுங்கண்ணா. இன்று வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கம்பெனிச் சட்டத்தின் சமூகப் பொறுப்பு நிதி உங்களுக்குப் பொருந்தாது. அது 5 கோடி நிகர லாபம் அல்லது 1,000 கோடி விற்பனை மாதிரி அளவுள்ளவர்களுக்கு. ஆனால் மேலே போட்ட 13,92,000-ஐ 20 மில்கள் பகிர்ந்தால் மில்லுக்கு 69,600 ரூபாய், மாதத்துக்கு 1,933. ஒரு கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டு, முதல் வருடப் பணத்தை முன்கூட்டியே அவர்கள் கணக்கில் கட்டிவிடுங்கள். விலை சரிந்த மாதத்தில் யாரும் விலகினாலும் அந்தப் பிள்ளையின் சம்பளம் நிற்காது. முடிவுகளை எப்போது வெளியிடலாம், காப்புரிமை யாருக்கு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அவரே: சோதனைக்கு நார்க்கழிவு மாதிரி எப்படி அனுப்புவது?

மூன்று குழியிலிருந்து தனித்தனியாக 5 கிலோ. காயவைக்க வேண்டாம், ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டுங்கள். மட்டை பச்சையா காய்ந்ததா, எந்தத் தேதியில் அடித்தது, எந்தத் தண்ணீரில் நனைத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, அதற்கு மேல் போடும் இன்னொரு பையில் வையுங்கள். உள்ளே வைத்தால் கறை ஏறி எழுத்து போய்விடும்.