ஓப்பனிங் பாட்டை ஒரு வருஷம் தள்ளி வையுங்கள், தம்பி

தம்பி, ஏப்ரலில் டோக்கியோவுக்கு வேலைக்கு வருவதாகவும், அதிகம் பேர் கேட்காத அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) பாட்டுகளைச் சொன்னால் அவற்றைக் கேட்டே ஜப்பானிய மொழி பழகிக்கொள்வதாகவும் எழுதியிருந்தீர்கள். கூடவே வாடகை, குக்கர், மிக்ஸி பற்றியும் கேட்டிருந்தீர்கள். குக்கர் கொண்டு வாருங்கள். மிக்ஸி வேண்டாம், இங்கே 100 வோல்ட்தான். வாடகை பற்றி, இந்தியர்கள் நிறைய வசிக்கும் நிஷி-கசாயில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் மணிக்கணக்கில் சொல்வார். நான் பாட்டுக்கு வருகிறேன்.

2006-இல் நான் வந்தபோது என் திட்டமும் இதேதான். விமானத்தில் ஏறும்போதே அறுபது எழுபது பாட்டு மனப்பாடம். அதுவே எனக்கு முதல் அடியைக் கொடுத்தது. வந்த மூன்றாம் வாரம் அலுவலகத்தில் என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மாவிடம் ஏதோ கேட்கப் போய், அவரைக் 'கிமி' என்று கூப்பிட்டுவிட்டேன். பாட்டில் இரண்டு வரிக்கு ஒரு 'கிமி' வரும். ஆனால் அது மேலே இருப்பவர் கீழே இருப்பவரையும், காதலன் காதலியையும் சொல்லும் 'நீ'. அந்த அம்மா திட்டவில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் பதில் சொல்லிவிட்டுப் போனார். இங்கே யாரும் திட்டமாட்டார்கள், அதுதான் சிரமம். எங்கள் குழுவிலிருந்த ஒரு மதுரைக்காரர் இரண்டு வாரம் கழித்துத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. சினிமாப் பாட்டில் 'நீ' வருகிறது என்று தாசில்தாரை நாம் 'நீ' என்போமா? 'ஓரே' (நான்), 'ஓமாயே' (நீ) என்று சண்டைப் பாட்டுகளில் வருவதெல்லாம் இன்னும் மோசம். அவற்றைக் காதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பேசும்போது பெயரோடு 'சான்' சேர்த்தால் போதும்.

அப்புறம், பாட்டில் எழுத்து ஒன்றாகவும் உச்சரிப்பு வேறாகவும் இருக்கும். பொருளைக் குறிக்கும் காஞ்ஜி எழுத்தில் பிரபஞ்சம் என்று அச்சிட்டுவிட்டு 'சோரா' என்று பாடுவார்கள். சோரா என்றால் வானம். விதிக்கு வழக்கமான சொல் 'உன்மெய்'. அதே எழுத்தைப் போட்டுவிட்டு 'சதாமே' என்று பாடுவார்கள். கவிதைக்கு அழகுதான். ஆனால் மொழி வகுப்பில் அப்படி வாசித்து நான் ஒரு தேர்வில் பல மதிப்பெண் இழந்தேன்.

இன்னொன்று சுவர். மரச்சட்டக் கட்டடத்தில் வாடகை குறைவு என்று எடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் கேட்கும். நான் இரவு பத்து மணிக்குப் பாட்டுப் போட்டு, கூடவே பாடிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் தபால் பெட்டியில் நான்காக மடித்த ஒரு தாள். எனக்கு வாசிக்கத் தெரியவில்லை, ஏதோ விளம்பரம் என்று அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன். இரண்டாவது தாள் வந்தபோது அலுவலகத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். இரவில் சத்தம் வேண்டாம் என்று கட்டட நிர்வாகம் மிகப் பணிவான மொழியில் எழுதியிருந்தது. அந்த முதல் தாளின் மேல் நான் பத்து நாள் டீ வடிகட்டியை வைத்திருக்கிறேன். அந்த வாரமே ஹெட்ஃபோன் வாங்கினேன், மாலை வகுப்பிலும் சேர்ந்தேன்.

இங்கே பத்து வருஷம் இருந்தும் வார்டு ஆபீஸ் கடிதத்தைப் படிக்க ஆள் தேடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களேதான் புதிதாக வருகிறவர்களிடம் "அனிமே பார்த்தா போதும், மொழி தானா வந்துடும்" என்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். தானாக வராது. நான் என்-2 என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் தேற ஐந்து வருஷம் ஆனது, அதுவும் தினமும் ரயிலில் நின்றபடியே படித்து.

சரி, பாட்டு. எல்லோருக்கும் தெரிந்த ஓப்பனிங் பாட்டுகளை, அதாவது தொடரின் ஆரம்பத்தில் வருபவற்றை, ஒரு வருஷம் ஒதுக்கி வையுங்கள். பெரும்பாலும் ஓட்டமாக ஓடும், சொல் பிடிபடாது. முடிவில் வரும் எண்டிங் பாட்டுகளைக் கேளுங்கள். நடுவில் ஒரே ஒரு காட்சிக்கு வரும் பாட்டுகளையும் கேளுங்கள். எதையும் முழுப் பாட்டாகத் தேடிக் கேளுங்கள், தொலைக்காட்சியில் வருவது அதில் ஒரு துண்டுதான்.

முதலில் 'போர்கோ ரோஸ்ஸோ' படத்தின் கடைசியில் வரும் பாட்டு. கதோ தொகிகோ பாடியது. 1992 படம், அதில் ஜீனா என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. சில நேரம் பழங்கதை பேசுவோமா என்று ஒரு பழைய தோழரிடம் கேட்பது போல ஆரம்பிக்கும். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் விழும். அடுத்தது 2004-இல் வந்த 'ஹவுல்ஸ் மூவிங் காஸில்' படத்தின் 'செகாய் நோ யகுசோகு'. எழுதியவர் கவிஞர் தனிகாவா ஷுன்தாரோ. 1963-இன் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரின் பாட்டை எழுதியவரும் அவர்தான். யமனோதே பாதையில் தகதனோபாபா நிலையத்தில் இறங்கினால், ரயில் புறப்படும்போது அந்த ஆஸ்ட்ரோ பாய் மெட்டைக் கேட்பீர்கள். பெரிய கவிஞர்கள் சின்னச் சொற்களில் எழுதியது, ஆரம்பத்தில் உங்களுக்கு அதுதான் வேண்டும். விண்வெளிக் குப்பை அள்ளும் சம்பளக்காரர்களின் கதையான 'பிளானெடெஸ்' எண்டிங்கையும் கேளுங்கள், வேலை முடிந்து வரும் இரவுக்கு நன்றாக இருக்கும்.

என் உயிர்ப் பாட்டு 'நட்சு யூசோரா'. 2008-இல் வந்த 'நட்சுமே யூஜின்சோ' முதல் பருவத்தின் எண்டிங், பாடியவர் அதாரி கோசுகே. ககோஷிமா மாகாணத்தைச் சேர்ந்த அமாமி தீவுக்காரர். அந்தத் தீவின் நாட்டுப்பாடலில் குரல் சட்டென்று மெல்லிய மேல்குரலுக்குத் தாவி வளைந்து இறங்கும். அதற்கு 'குயின்' என்று பெயர். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது உடனே பிடித்துவிடும். தோசாய் பாதை ரயிலில் நெரிசலில் நின்று அதை முதலில் கேட்டபோது, யாரோ நம் ஊர்க்காரர் பாடுகிறார் என்றே எனக்குத் தோன்றியது. பாடிப் பழகக் கரோக்கே அறைக்குத் தனியாகப் போனேன். நீங்களும் போங்கள், தனியாக வருவதை இங்கே யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை. வார நாளில் பகலில் விலை குறைவு. திரையில் ஒவ்வொரு கடின எழுத்தின் தலையிலும் உச்சரிப்பைச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு அவ்வளவு சொல்லித் தரவில்லை.

அந்த வருஷக் கடைசி விருந்து முடிந்து எல்லோரும் கரோக்கே போனபோது அதைத்தான் பாடினேன். குரல் தாவும் இடத்தில், மூலையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் தலையை நிமிர்த்தினார். மூன்று வருஷமாக என்னிடம் வேலை தவிர வேறு பேசாதவர். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என் அம்மா அந்தத் தீவு" என்றார். அடுத்த வாரம் அசசாகி இகுயே என்ற பாட்டியின் சிடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே அமாமிப் பக்கத்துக்காரர். அவர் பாட்டு 2004-இன் 'சாமுராய் சாம்ப்லூ'வில், 14-ஆம் பகுதியில், முகென் என்ற நாயகன் சாவின் விளிம்பில் கிடக்கும்போது வரும். அந்தக் காட்சிக்காகவே தொடரைப் பாருங்கள். வரிகள் புரியவில்லை என்று வருந்தாதீர்கள். அது அமாமி மொழி, யுனெஸ்கோ 2009-இல் அழியும் நிலையில் உள்ள மொழிகளில் சேர்த்தது. தனக்கே பாதிதான் புரிகிறது, அம்மாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன் என்றார் அந்தப் பெரியவர்.

அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். புத்தாண்டுக்குத் தவறாமல் வாழ்த்து அட்டை வரும். எனக்கு வாசிக்கச் சிரமமாக இருக்குமென்று ஒவ்வொரு கடின எழுத்தின் தலையிலும் உச்சரிப்பைச் சின்னதாகப் பேனாவால் எழுதியிருப்பார். இப்போது அவை இல்லாமலே எனக்கு வாசிக்க வரும். அதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.