செயின் வண்டியா, தலைவர் படமா?

கேள்வி: ஐயா, இங்குள்ள ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு, அறுவடை இயந்திரம் முன்பதிவு செய்யும் ஆப் ஒன்றை நாங்கள் ஐந்து பேர் செய்துகொண்டிருக்கிறோம். சம்பா அறுவடைக்குள் கொடுத்தாக வேண்டும். கூட்டம் போட்டால் ஆளாளுக்குத் தன் வேலைதான் முதலில் என்கிறார்கள். மழை எச்சரிக்கை, நெல் விலை, குரலில் தேடுவது, முகப்பில் தலைவர் படம் என்று பட்டியல் நீள்கிறது. எதை முதலில் எடுப்பது?
- ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, தை பிறந்துவிட்டால் கதிர் உங்களுக்காக நிற்காது. தேதி நகராது, ஆளும் கூடப்போவதில்லை. குறைக்க முடிந்தது பட்டியல் ஒன்றுதான். எது முதலில் என்று கேட்டால் சண்டைதான் வரும். இந்த அறுவடைக்கு எது வேண்டாம் என்று கேட்டுப் பாருங்கள்.

டை கிளெக் என்பவர் 1994-இல் சொன்ன மாஸ்கோ முறை இதற்குத் தோதானது. (ரஷ்யாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) கட்டாயம், வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை என்று நாலு பெட்டி. எல்லோரும் எல்லாவற்றையும் முதல் பெட்டியில்தான் திணிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி போதும்: இது இல்லாமல், ஒரு போன் போட்டோ நோட்டில் எழுதியோ சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் அது கட்டாயம் இல்லை. மழைச் செய்தி எல்லார் போனிலும் வந்துவிடுகிறது. அரசு கொள்முதல் நிலையத்து விலை தினமும் மாறுவதில்லை; வியாபாரி விலை வேறு கதை, அதை அடுத்த போகத்துக்குப் பார்க்கலாம்.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பதிவு செய்கிறவர் கேட்பது செயின் வண்டியா (டயருக்குப் பதில் பட்டைச் சங்கிலியில் ஓடும் அறுவடை இயந்திரம்), டயர் வண்டியா? மார்கழி மழை தள்ளிப் பெய்து வயல் காயாமல் கிடந்தால் டயர் வண்டி இறங்கினதுமே புதையும். மணிக்கணக்கில் வாடகை, தப்பான வண்டி வந்தால் டிரைவரும் விவசாயியும் வரப்பில் நின்று சண்டை போடுவார்கள். திரையில் அது ஒரு சின்னக் கட்டம்தான். ஆனால் கட்டாயம். இப்படிப்பட்டது உட்கார்ந்து யோசித்தால் வராது. வண்டி அனுப்புகிற ஆளைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

முதல் பெட்டி, மொத்த உழைப்பில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மிச்சம்தான் எதிர்பாராத தொல்லைகளுக்கு இடம் கொடுக்கும். எந்த வேலைக்கு எவ்வளவு உழைப்பு என்பதை ஆளுக்கொரு சீட்டில் எழுதி, ஒரே நேரத்தில் திருப்பிக் காட்டுங்கள். சீனியர் முதலில் சொன்னால் புதுப் பையன் அதையே சொல்வான். அதிகம் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் காரணம் சொல்லட்டும், அப்புறம் இன்னொரு சுற்று.

தலைவர் படத்தை நாலாவது பெட்டியில் எழுதி அவரிடமே காட்டிவிடுங்கள். கோபித்துக்கொண்டால், படத்தோடு அவர் போன் நம்பரையும் போடட்டுமா என்று கேளுங்கள். வண்டி வராத அன்றைக்கு எல்லாரும் அதில்தான் கூப்பிடுவார்கள்.