மஃப்ளர்

வணக்கம் சார்,

என் மகளுக்கு ஐந்தரை வயது. டிசம்பர் விடுமுறையில் அவளோடு உட்கார்ந்து பார்க்க நல்ல கிறிஸ்துமஸ் அனிமேஷன் படங்கள் நாலைந்து சொல்லுங்கள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. இதையெல்லாம் எதற்குக் காட்டுகிறாய் என்று மாமியார் கேட்கிறார். போன வாரம் 'தி ஸ்னோமேன்' போட்டேன். பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முடிவில் பனிமனிதன் உருகிவிடுவான் என்று எங்கோ படித்திருந்ததால், படத்தில் வரும் பையன் தூங்கப் போனதும் நிறுத்திவிட்டேன். "அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரி சோகம் இல்லாத படங்களாகச் சொன்னால் நல்லது.

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

மாமியாரையும் கூட உட்கார வையுங்கள். பிறகு கேட்க மாட்டார்.

பட்டியல்தானே? 1964இல் வந்த 'ருடால்ஃப்' பார்க்கலாம். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம்பிடித்தது, அந்த வேலை நடந்தது ஜப்பானில். 1966இல் வந்த 'கிரிஞ்ச்' பார்க்கலாம். அதை இயக்கிய சக் ஜோன்ஸ் அந்த வருடங்களில் டாம் அண்ட் ஜெர்ரியும் எடுத்துக்கொண்டிருந்தவர். அரை மணி நேரத்தில் சொன்ன கதையைப் பின்னால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரமாக இழுத்தார்கள், அது வேண்டாம். 1965இன் 'சார்லி பிரௌன் கிறிஸ்துமஸ்' பற்றிக் கீழே சொல்கிறேன். பட்டியல் முடிந்தது.

இப்போது திட்டப் போகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கதை முடியவில்லை எஸ். நீங்கள் குழந்தையிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரண் ஒழித்தபோது ஒரு வீடியோ கேசட் கையில் கிடைத்தது. 1980களின் கடைசியில் லண்டனிலிருந்த சித்தப்பா, டிவியில் ஓடிய இதே 'தி ஸ்னோமேன்' படத்தைப் பதிவு செய்து ஊருக்குக் கொண்டுவந்தது. வாடகைக்கு டெக் எடுத்து, தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். தொடக்கத்தில் ஒருவர் நாலு வரி பேசுவார், நடுவில் ஒரு பாட்டு வரும். மற்றபடி படத்தில் பேச்சே கிடையாது. அதனால் மொழி தெரியாத பாட்டிக்கும் எனக்கும் எந்தக் குறையும் இல்லை. பையன் செய்த பனிமனிதன் நள்ளிரவில் உயிர் பெறுகிறான், வீட்டுக்குள் வருகிறான், பையன் கையைப் பிடித்துக்கொண்டு வானத்தில் பறக்கிறான். வடக்கே பனிமனிதர்கள் கூடி ஆடுகிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா பையனுக்கு ஒரு மஃப்ளர் கொடுக்கிறார், அதில் குட்டிக் குட்டிப் பனிமனிதர்கள். திரும்பி வந்து பையன் படுக்கப் போகிறான். "பாவம், அவன் மட்டும் வெளியில நிக்கிறானே, குளிராதா?" என்றாள் பாட்டி.

அதற்கு அடுத்த நொடி திரையில் ஒரு பச்சை மேசை. கோட் போட்ட ஒருவர் நீளக் கம்பால் பந்து தட்டுகிறார். சித்தப்பா அதே கேசட்டில் ஸ்னூக்கர் பதிவு செய்திருக்கிறார்! கேரம் மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொண்டு அதையும் கால் மணி நேரம் பார்த்தோம்.

ஆக, முப்பது வயதைத் தாண்டும்வரை எனக்கு அந்தக் கதை உங்கள் மகளுக்கு முடிந்த இடத்திலேயே முடிந்திருந்தது. அழகான படம் என்று எல்லோரிடமும் சொல்வேன். எனக்குள் அது ஒட்டவே இல்லை. அந்த மஃப்ளரை எதற்குக் கொடுத்தார்கள்? அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் என் மகனுக்கு ஐந்து வயதில் முழுப் படமும் கிடைத்தது, இருவருமாகப் பார்த்தோம். விடிகிறது. பையன் வெளியே ஓடுகிறான். ஒரு குவியல் பனி, அதன்மேல் பழைய தொப்பி. பையன் பைக்குள் கையை விடுகிறான். மஃப்ளர் இருக்கிறது.

நீங்கள் நிறுத்தியபோது அந்த மஃப்ளரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டீர்கள் எஸ். அவன் உருகியதும், அவன் வந்தது நிஜம் என்பதும் அங்கே ஒரே நிமிடத்தில்தான் சொல்லப்படுகின்றன. ஒன்றை விட்டு இன்னொன்றை எடுக்க முடியாது. பாப்பாவுக்கு இப்போது என்ன மிஞ்சியிருக்கிறது? ஒரு கனவு. தூங்கினான், முடிந்தது.

"குழந்தை தாங்குவாளா?" என்பீர்கள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும். வீட்டுக்குள் வந்த பனிமனிதன் நெருப்பைக் கண்டு பின்வாங்குகிறான், ஃப்ரீசருக்குள் போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்கிறான். அதைப் பார்த்து அவள் சிரித்திருப்பாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டுப் பாருங்கள். வெயில் வந்தால் என்ன ஆகும் என்று ஈரோட்டுக் குழந்தைக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா?

'தி ஸ்னோமேன்' முதலில் ஒரு படக்கதைப் புத்தகம். ரேமண்ட் பிரிக்ஸ் அதை 1978இல் வெளியிட்டார், ஒரு சொல்கூட இல்லாமல் கலர் பென்சில் படங்களாக. 1971இல் அவருடைய அப்பா, அம்மா இருவரும் இறந்தார்கள், இரண்டு வருடத்தில் மனைவியும் போனார். நான் சந்தோஷ முடிவெல்லாம் வைப்பதில்லை, எது இயல்போ அதுதான் என்று பின்னால் ஒரு பேட்டியில் சொன்னார். பனிமனிதன் உருகுவான், என் அப்பா அம்மா செத்தார்கள், பூக்கள் வாடும் என்கிற மாதிரி. நீங்கள் தேடிய கிறிஸ்துமஸ் அந்தப் புத்தகத்தில் கிடையாது. தாத்தாவும் மஃப்ளரும் 1982இல் படம் எடுத்தவர்கள் சேர்த்தவை. சேர்த்தவர்களும் உருகுவதில் கை வைக்கவில்லை, பாருங்கள்.

'சார்லி பிரௌன்' சொல்கிறேன் என்றேனே. ஒளிபரப்புக்கு முன்னால் போட்டுக் காட்டியபோது சேனல் அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. மெதுவாகப் போகிறது, பைபிள் வசனம் வருகிறது என்று முகம் சுளித்தார்கள். பின்னணியில் பதிவு செய்த சிரிப்பொலியும் இல்லை. அதில் பேசியவர்கள் நிஜக் குழந்தைகள். ஒரு சிறுமிக்கு வாசிக்கவே தெரியாது, துண்டு துண்டாகச் சொல்லிக்கொடுத்துப் பதிவு செய்தார்கள். பண்டிகை வந்தும் மனசு சரியில்லையே என்று ஒரு பையன் கவலைப்படுவதுதான் கதை. அன்று அமெரிக்காவில் டிவி போட்டிருந்த வீடுகளில் கிட்டத்தட்ட பாதி அதைத்தான் பார்த்தன. அந்த அதிகாரிகளாவது முகம் சுளித்ததோடு நின்றார்கள், நீங்கள் ரிமோட்டையே எடுத்துவிட்டீர்கள். ரொம்பக் கடுமையாகப் போகிறேனோ? சரி, பாதி கோபம் சித்தப்பாமேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தவரை உங்கள் கடிதத்தில் பாப்பா எங்கும் அழவில்லை. பயந்தது நீங்கள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று எங்கள் வீட்டில் அழுததும் நான்தான். மகன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், அப்புறம் திரையைப் பார்த்தான்.

"அந்தத் தொப்பிய இப்ப யாருப்பா எடுத்துப்பாங்க?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பாப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.