‘சொந்த விருப்பம்’ என்று மாற்றக் கேட்காதீர்கள்

கேள்வி: தரைப்படையில் சிப்பாயாக 14 ஆண்டு 3 மாதம் பணியாற்றினேன். விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்பியதற்காக ஐந்து முறை தண்டிக்கப்பட்டேன். ஐந்தும் சிவப்பு மைப் பதிவுகள், அதாவது சேவைப் பதிவில் சிவப்பு மையால் எழுதப்படும் கடுமையான தண்டனைகள். அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லியும் விடுப்பை நீட்டித்துத் தரவில்லை. கம்பெனி அதிகாரிக்கு என்மேல் தனிப்பட்ட வெறுப்பு இருந்தது. 2022-இல் நோட்டீஸ் கொடுத்தார்கள், பதில் எழுதினேன், ஒரு மாதத்தில் ‘சேவை இனித் தேவையில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியம் இல்லை. ஊரில் ‘டிஸ்மிஸ் ஆகி வந்தவன்’ என்கிறார்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காரணத்தைச் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று மாற்றித் தரும்படி ரெக்கார்டு ஆபீசுக்கு நான்கு கடிதங்கள் போட்டும் பயனில்லை. அமெரிக்காவில் இதற்கென்றே வாரியம் இருப்பதாகப் படித்தேன். மீண்டும் பணியும் முழுச் சம்பளப் பாக்கியும் கிடைக்குமா?

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் டிஸ்மிஸ் செய்யப்படவில்லை. 1950-ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் பணிநீக்கம் 20-ஆம் பிரிவிலும், பணிவிடுவிப்பு 22-ஆம் பிரிவிலும் வருகின்றன. உங்களை அனுப்பியது 22-ஆம் பிரிவு, அதனோடு சேர்ந்த 1954-ஆம் ஆண்டு ராணுவ விதிகளின் 13-ஆம் விதி ஆகியவற்றின்படிதான். பணிநீக்கம் செய்யப்பட்டவர் ஓய்வூதியத்துக்கும் பணிக்கொடைக்கும் உள்ள தகுதியையே இழக்கிறார். விடுவிக்கப்பட்டவருக்கு அந்தத் தகுதி நிலைத்திருக்கிறது. உங்களுக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டதற்கு, சிப்பாய்க்குரிய 15 ஆண்டுத் தகுதிப் பணிக்காலம் நிறைவுபெறாததே காரணம், நடத்தை அல்ல. ஊர் பேசுவது மனத்தைச் சுடும் என்பதை அறிவேன். ஆனால் அந்தப் பேச்சை நிறுத்துவதற்காக வழக்குப் போட்டால், கையில் கிடைக்கக்கூடியதையும் இழப்பீர்கள்.

உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி விடுப்பு மறுக்கப்பட்டதைப் பற்றியது. படைவீரர்களின் பணி வழக்குகளை விசாரிப்பது ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். அதற்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் எவ்வகை விடுப்பையும் ‘பணி தொடர்பான விவகாரம்’ என்ற வரையறையிலிருந்து வெளிப்படையாகவே விலக்கிவைத்திருக்கிறது. எனவே விடுப்பு தராதது தவறு என்று தீர்ப்பாயம் சொல்லாது. அதிகாரியின் வெறுப்பை நிரூபிக்க வேண்டுமானால் அவரைப் பெயரிட்டு எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். ஆதாரம் காட்ட வேண்டும். அவர் மறுத்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வார். வழக்கு ஆண்டுக்கணக்கில் அந்தப் பக்கமே இழுத்துச் செல்லப்படும். இரண்டையும் விட்டுவிடுங்கள். அம்மாவின் நோய்க்கு மட்டும் மனுவில் ஓர் இடம் உண்டு; அது எதற்கு என்பதைக் கீழே சொல்கிறேன்.

சட்டத்தின் பார்வையில் உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி ஒன்றுதான்: ‘நோட்டீஸ் கொடுத்தார்கள், பதில் எழுதினேன், ஒரு மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.’ நோட்டீசுக்கு முன்னால் முதற்கட்ட விசாரணை நடந்ததா?

நான்கோ அதற்கு மேலோ சிவப்பு மைப் பதிவு உள்ளவரை வீட்டுக்கு அனுப்ப எந்த முறையைப் பின்பற்ற வேண்டும் என்பதை ராணுவத் தலைமையகத்தின் 28.12.1988 தேதியிட்ட கடிதம் வகுத்திருக்கிறது. பாரபட்சமற்ற முதற்கட்ட விசாரணை நடத்தி, அதில் அவருக்குத் தற்காத்துக்கொள்ள வாய்ப்புத் தந்து, அதன் முடிவைப் பார்த்த பிறகே நோட்டீஸ் தர வேண்டும். நான்கு பதிவுகள் இருப்பதனாலேயே ஒருவரை விடுவித்தாக வேண்டும் என்பதில்லை. குற்றங்களின் தன்மை, நீண்ட பணிக்காலம், கடினமான இடங்களில் பணியாற்றியது ஆகியவற்றை எடைபோட வேண்டும். ஓய்வூதியத் தகுதியை நெருங்கியவரிடம் கடுமை காட்டக் கூடாது என்றும் அது சொல்கிறது. வீரேந்திர குமார் துபே வழக்கில் 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறை கட்டுப்படுத்தக்கூடியது என்று தீர்ப்பளித்து, முதற்கட்ட விசாரணை இல்லாமல், இந்தக் காரணிகளை எடைபோடாமல் பிறப்பித்த விடுவிப்பு ஆணையைச் செல்லாததாக்கியது. அங்கேயும் நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருந்தது. அது மட்டும் போதவில்லை. உங்கள் அம்மாவின் நோய் இந்த இடத்தில்தான் பயன்படும். தாமதமாகத் திரும்பியதற்கான காரணத்தை எடைபோடவே இல்லை என்பதைக் காட்டும் உண்மையாக, மருத்துவமனைச் சான்றுடன், இரண்டு பத்திகளுக்குள் அதைச் சொல்லிவிடுங்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புவது. நீங்கள் கேட்கும் ‘சொந்த விருப்பம்’ என்ற மாற்றம்தான் உங்கள் வழக்கிலேயே ஆபத்தான பகுதி. பணிக்காலத்தில் சிறிய குறை இருந்தால் அதை மன்னித்து ஓய்வூதியம் தர ஓய்வூதிய விதிகளில் இடம் இருக்கிறது. பழைய விதியில் ஆறு மாதமாக இருந்த வரம்பு, பாதுகாப்பு அமைச்சகத்தின் 14.08.2001 கடிதத்துக்குப் பின் 12 மாதம் வரை உயர்ந்தது. ஆனால் அதே ஓய்வூதிய விதிகள், சொந்த வேண்டுகோளின் பேரில் விடுவிக்கப்பட்டவருக்கு இந்தச் சலுகை இல்லை என்று நேரடியாக விலக்குகின்றன. அதாவது, அவமானம் என்று நீங்கள் நினைக்கும் சொற்கள் உங்கள் ஓய்வூதிய வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. கௌரவம் என்று நினைக்கும் சொற்கள் அதைச் சாத்திவிடும்.

அந்த மாற்றம் உங்களுக்கு வேலையும் வாங்கித் தராது. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டுக்கான மத்திய அரசின் வரையறையில், சொந்த விருப்பத்தில் வந்தவர் ஓய்வூதியம் பெறும் தகுதியோடு வந்திருந்தால்தான் முன்னாள் படைவீரர். 14 ஆண்டில் சொந்த விருப்பத்தில் வந்தவராக உங்களைக் காட்டிக்கொண்டால், வங்கிக் காவலர் பணி விண்ணப்பத்தில் ‘முன்னாள் படைவீரர்’ என்ற கட்டத்தை நிரப்ப உங்களுக்குத் தகுதி இருக்காது. அந்த ஒதுக்கீடு, படைவீரர் மருத்துவத் திட்டம் ஆகிய இரண்டுக்கும் வழி ஓய்வூதியம்தான்.

இதில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டீஸ் வந்த வாரத்தில், ‘சொந்த விருப்பம் என்று எழுதிக் கொடுத்துவிடு, நடத்தைக் கட்டத்தில் வெரி குட் போட்டுத் தருகிறோம், இல்லாவிட்டால் கறையோடு போவாய்’ என்று எழுத்தர் நல்ல எண்ணத்திலேயே சொல்ல, நம்பிக் கையெழுத்திட்டு வந்தவர் ஒருவர் என் கட்சிக்காரர். டிஸ்சார்ஜ் புத்தகம் பளிச்சென்று இருந்தது. விசாரணை நடந்ததா, நோட்டீஸ் முறையானதா என்று கேட்க இடமே இல்லாமல் போயிற்று; அவரே கேட்டு வாங்கிய விடுவிப்பு அது. வற்புறுத்தலின் பேரில் கையெழுத்திட்டேன் என்பதை ஆண்டுகள் கழித்து நிரூபிக்க அவரிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை. நீங்கள் இன்று வலிந்து கேட்பது அவர் அன்று ஏமாந்து பெற்றதையே. உங்கள் நான்கு கடிதங்களுக்கும் பதில் வராதது ஒரு வகையில் உங்கள் நல்வாய்ப்பு. ஐந்தாவது கடிதம் எழுதாதீர்கள். எழுதியவற்றின் நகல்களை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் கொடுங்கள், எதிர்த்தரப்பு அவற்றைக் கட்டாயம் எடுத்துக் காட்டும்.

அமெரிக்க வாரியம் பற்றி ஒரு வரி. அங்கே விடுவிப்புக்கே கௌரவமானது, பொதுவானது, கௌரவக் குறைவானது என்ற தரங்கள் உண்டு. அவற்றை உயர்த்தக் கோரி, விடுவிக்கப்பட்ட 15 ஆண்டுகளுக்குள் மறுஆய்வு வாரியத்தை அணுகலாம். இந்தியாவில் அத்தகைய தரவரிசையும் இல்லை, வாரியமும் இல்லை. இங்கே விடுவிப்பு ஆணை சட்டப்படி நிற்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி.

அப்படியானால் குறையை மன்னிக்கக் கோரி மட்டும் விண்ணப்பித்தால் போதாதா என்று கேட்பீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் உங்களுக்குக் குறைவது ஒன்பது மாதம், வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் அனுமதியின்றி வராதிருந்த நாட்கள், அவற்றுக்குச் சம்பளம் ஏற்கப்பட்டிருந்தால் ஒழிய, தகுதிப் பணிக்காலத்தில் சேரா. ஐந்து தடவையும் சேர்த்து அந்த நாட்கள் மூன்று மாதத்தைத் தாண்டினால் உங்கள் தகுதிப் பணிக்காலம் 14 ஆண்டுக்குக் கீழே இறங்கும். குறை 12 மாதத்தைக் கடந்துவிடும். விண்ணப்பம் கணக்கிலேயே தோற்கும். எனவே முதலில் டிஸ்சார்ஜ் புத்தகத்திலோ சேவைப் பதிவிலோ ‘தகுதியற்ற பணிக்காலம்’ எத்தனை நாள் என்று காட்டியிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். வரம்புக்குள் இருந்தாலும் மன்னிப்பது அதிகாரியின் விருப்புரிமை. ஐந்து சிவப்புப் பதிவுகளோடு சலுகை கேட்டு நிற்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே இதை மாற்றுப் பரிகாரமாக மட்டும் வையுங்கள்.

அடுத்து, மீண்டும் பணியும் முழுச் சம்பளமும். கேட்காதீர்கள் என்றே சொல்வேன். உங்கள் பணிக்கால ஒப்பந்தமே இதற்குள் முடிந்திருக்கும் அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். மீண்டும் பணி கேட்டு வாதாடினால், நடைமுறைப் பிழைக்காக ஆணையை ரத்துசெய்து, ‘முறைப்படி விசாரணை நடத்திப் புதிய ஆணை பிறப்பிக்கலாம்’ என்று திருப்பி அனுப்பும் வாய்ப்பை நீங்களே ஏற்படுத்திக் கொடுக்கிறீர்கள். அப்படி வென்ற ஒருவர் இனிப்புப் பெட்டியோடு என் அலுவலகத்துக்கு வந்தார். ஆறு மாதத்துக்குள் அதே ஐந்து பதிவுகளைக் காட்டி, இம்முறை முறையான விசாரணையோடு, மீண்டும் விடுவிக்கப்பட்டார். இரண்டாவது ஆணையில் குறை காண எதுவும் மிச்சமில்லை. துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த பரிகாரத்தைக் கவனியுங்கள்: ஓய்வூதியத்துக்கான தகுதிக் காலம் நிறையும் வரை பணியில் இருந்ததாகக் கருதப்படுவார், பின்சம்பளம் கிடையாது, ஓய்வூதியம் உள்ளிட்ட பலன்களுக்குப் பணித்தொடர்ச்சி உண்டு. உங்கள் மனுவின் கோரிக்கைப் பகுதியும் இதே எல்லைக்குள் இருக்கட்டும். சம்பளப் பாக்கியை நீங்களாகவே கைவிடுவதாக மனுவிலேயே எழுதுங்கள். விட்டுக்கொடுப்பதாகத் தோன்றும்; ஆனால் கேட்பதைச் சுருக்கிக்கொண்ட மனுதாரருக்கு அமர்வு காது கொடுப்பதையும், அரசு வழக்கறிஞரின் எதிர்ப்பு தளர்வதையும் தொடர்ந்து கண்டிருக்கிறேன்.

காலக்கெடு உங்கள் அடுத்த தலைவலி. இறுதி ஆணை வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தை அணுக வேண்டும் என்கிறது தீர்ப்பாயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. கடிதம் போட்டுக்கொண்டே இருந்தால் கெடு நீளும் என்று பலர் நம்புகிறார்கள், நீளாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சி. ஜேக்கப் வழக்கில் 2008-இலேயே உச்ச நீதிமன்றம், காலம் கடந்த முறையீட்டுக்குப் பதில் வந்தாலும் இறந்துபோன உரிமைக்கு அது உயிர் கொடுக்காது என்று சொல்லிவிட்டது. ஓய்வூதிய மறுப்பு மாதந்தோறும் தொடரும் தவறு என்ற வாதத்துக்கு தர்சேம் சிங் வழக்கு துணை நிற்கும். அதிலும் பாக்கித் தொகை வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்றாண்டுகளுக்கு மட்டுமே. ஆனால் விடுவிப்பு ஆணை ஒரே நாளில் முடிந்துபோன நிகழ்வு என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆகவே தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவை, அம்மாவின் சிகிச்சை தேதிகளோடு, அசல் மனுவுக்கு இணையான கவனத்தோடு தயாரிக்கச் சொல்லுங்கள். விடுவிப்பையே எதிர்த்து உரிய அதிகாரியிடம் முறையீடு செய்யவில்லை என்றால் தீர்ப்பாயச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் ஆட்சேபமும் வரும். உங்கள் நான்கு கடிதங்களும் காரணத்தை மாற்றக் கேட்டவை. ஆணையை எதிர்த்தவை அல்ல. அந்த முறையீட்டை இப்போதாவது பதிவு அஞ்சலில் அனுப்புங்கள்.

அதனோடு ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமை மனு ஒன்றும் போகட்டும். முதற்கட்ட விசாரணை நடவடிக்கைகள், அதற்கு உங்களை அழைத்த ஆணை, நோட்டீஸ், உங்கள் பதில், கமாண்டிங் அதிகாரியின் பரிந்துரை, பிரிகேட் கமாண்டரின் ஒப்புதல், தண்டனைப் பதிவேடு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேளுங்கள். ‘விசாரணை நடந்ததா’ என்று கேள்வி வடிவில் கேட்காதீர்கள்; ஆவணத்தைக் கேளுங்கள். பதில் வரும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்பது ‘விசாரணை நடக்கவில்லை’ என்பதற்குச் சமமல்ல. இரண்டாவது, 30 நாட்களுக்கு மேல் வராதிருந்த சமயம் ஏதும் இருந்தால், ராணுவச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி அப்போதே ஒரு விசாரணை மன்றம் கூட்டியிருப்பார்கள். அதன் தாள்களை முதற்கட்ட விசாரணை என்று பதிலுரையில் இணைத்துவிடுவதுண்டு. தேதியைப் பாருங்கள், கடைசித் தண்டனைக்கும் நோட்டீசுக்கும் இடையில், விடுவிப்பைப் பற்றியே நடந்த விசாரணையாக இல்லாவிட்டால் அது கணக்கில் வராது. ஆனால் உண்மையிலேயே அப்படியொரு விசாரணை நடந்து, நீங்கள் சாட்சியம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருந்தால், ஆணையை எதிர்க்கும் வழக்கைக் கைவிட்டு, குறையை மன்னிக்கக் கோரும் விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விமானப்படையிலிருந்து இதே கேள்வியைக் கேட்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே தொடர்குற்றவாளிகளுக்கான கொள்கை தனி. அதன்கீழ் நடக்கும் விடுவிப்பு தண்டனை ஆகாது என்று பக்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆவணங்கள் வந்ததும் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மனுவைத் தாக்கல் செய்யுங்கள். அங்கே தோற்றாலும் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி மூடப்படவில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதிசெய்திருக்கிறது. அதுவரை டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்; ‘காரணத்தைத் திருத்தித் தருகிறேன்’ என்று பணம் கேட்டு வருபவரிடம் நிச்சயமாகக் கொடுக்காதீர்கள். ஆவணத்தில் கைவைத்தது தெரிந்தால், ஓய்வூதிய வழக்கு போய்க் குற்ற வழக்கு வரும்.