இது படிப்பா, போன் பழக்கமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு சோலைப் பக்கம் போய்விடுகிறான். கேட்டால் 'இ-பேர்டில் பறவை ஏற்றுகிறேன்' என்கிறான். முகம் தெரியாதவர்களோடு இங்கிலீஷில் எழுதிக்கொள்கிறான். அவன் தாத்தா ஒரு பறவைக்குப் பெயர் சொன்னால், 'அதெல்லாம் தப்பு' என்கிறான். போனை வாங்கி வைத்துவிடலாமா?
- ஒரு தாய், பூம்பாறை

பதில்: வேண்டாம் அம்மா. இ-பேர்டு என்பது, பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதியும் செயலி. முதலில் அவன் ஏற்றிய ஒரு பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினான், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தான், எந்தப் பறவை எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கும். காக்கையும் மைனாவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரிய பறவைகள் மட்டுமே இருந்தால், பெயர் சேர்க்கும் ஆசையில் ஓடுகிறான் என்று பொருள். இ-பேர்டில் அதிக வகைப் பறவைகளைப் பதிந்த 'முதல் 100 பேர்' என்றொரு வரிசை உண்டு. பிள்ளைகள் அதில் மயங்கிவிடுவார்கள். ஒவ்வொரு பட்டியலின் கடைசியிலும் 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா?' என்று செயலி கேட்கும். உண்மையாக 'ஆம்' என்று சொன்ன பட்டியலில்தான் ஒரு பறவை அங்கே தென்படவில்லை என்ற செய்தியும் கிடைக்கும். ஆய்வாளர்களுக்கு அது முக்கியம்.

அவன் கற்றுக்கொள்வது பெரும்பாலும் திருத்தப்படும்போதுதான். பூம்பாறையில் இருந்துகொண்டு 'நீலகிரிச் சிரிப்பான்' என்று ஏற்றினால், பதிவைச் சரிபார்ப்பவர் ஆதாரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பக்கூடும். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே அந்தப் பறவை கிடையாது. உங்கள் பழனி மலையில் இருப்பது பழனிச் சிரிப்பான். இரண்டுக்கும் வெள்ளைப் புருவம். நீலகிரிப் பறவைக்கு மார்பும் செம்பழுப்பு. பழனிப் பறவைக்கு மார்பு சாம்பல். அந்த மின்னஞ்சலைத் திட்டு என்று எடுத்துக்கொள்கிறானா, மறுநாள் போய் மார்பைப் பார்த்துவிட்டு வருகிறானா? இரண்டாவது என்றால் கவலையே வேண்டாம்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். ஒலியைப் படமாக மாற்றி, தெரிந்த படங்களோடு ஒப்பிடுகிறது, அவ்வளவுதான். காற்றும் ஓடைச் சத்தமும் கலந்தால் தவறும். கண்ணால் பார்க்காமலும், குரல் தனக்கே உறுதியாகத் தெரியாமலும் ஏற்றக்கூடாது என்று சொல்லுங்கள்.

சிக்னல் தேடிப் போனும் கையுமாக அலையத் தேவையில்லை. செயலியில் உள்ள உங்கள் பகுதிப் பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, வெளியே ஏர்பிளேன் மோடில் போடலாம். ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும், பேட்டரியும் தாங்கும். அரை மணி நேரம் நடந்துவிட்டு, வீட்டுக்கு வந்து அனுப்பினால் போதும். இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும், காதில் ஹெட்செட் கூடாது. காட்டுமாடு நிற்கும் மலை. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது.

நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. இ-பேர்டில் அரட்டை வசதி இல்லை. அப்படியானால் அவன் எழுதிக்கொள்வது வாட்ஸ்அப், டெலிகிராம் அல்லது இன்ஸ்டாகிராமில் இருக்கலாம். எந்தக் குழு, யார் நடத்துகிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். தனியாகச் செய்தி அனுப்பி, கூடு இருக்கும் இடத்தைக் கேட்பவருக்குப் பதிலே வேண்டாம். கூட்டின் படமும் வேண்டாம். ஆள் நடமாட்டம் கூடினால் தாய்ப்பறவை கூட்டையே விட்டுப் போய்விடலாம். வீட்டு வாசலை இடமாகக் குறிக்காமல், ஊர்ப் பொது இடத்தில் நின்று பட்டியல் போடட்டும். இ-பேர்டு அமைப்புகளில் பெயர் தெரியாமல் மறைக்கவும் வழி உண்டு.

தாத்தா விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. புதிய கூட்டத்தில் மதிப்புக் கிடைத்ததும் பழைய வீடு சிறிதாகத் தெரிகிற வயது இது. அதட்டினால் இன்னும் விலகுவான். ஒன்று சொல்லுங்கள்: இந்தச் சிரிப்பான்களுக்கு 'மான்டிசிங்லா' என்ற தனிப் பேரினம், அதாவது அறிவியல் பெயரின் முதல் பாதி, கிடைத்ததே 2017-இல்தான். நூல்களில் உள்ள பெயரும் மாறுகிறது. தாத்தாவின் பெயர் எதை வைத்து வந்தது, குரலா, நிறமா, வரும் பருவமா என்று கேட்டு, பறவைக்கு நேரே உள்ள குறிப்புப் பகுதியில் தமிழிலேயே எழுதட்டும். சில சமயம் ஒரே பெயர் இரண்டு பறவைகளுக்கு இருக்கும்; அதையும் எழுதலாம்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் ஆகிவிடும். உங்கள் பூண்டு வயல் வரப்பிலேயே செய்யலாம். தாத்தா பார்த்துச் சொல்லட்டும், பேரன் எண்ணி ஏற்றட்டும்.